சிறு லேத்துக்கான மோர்ஸ் டேப்பர் ஆர்பர்களை வீட்டிலேயே கடைவது எப்படி

வீட்டில் ஒரு சிறு லேத்தை வைத்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் இரும்பு கடையத் தொடங்கியவருக்கு, கடையும் துண்டின் மறுமுனையைத் தாங்கும் டெய்ல்ஸ்டாக்கின் வாயில் பொருந்தும் துணைக்கருவிகளின் தேவை சில வாரங்களிலேயே வந்துவிடும். ட்ரில் சக்கைத் தாங்கும் ஆர்பர், மரை வெட்டும் டையைப் பிடிக்கும் ஹோல்டர், கடினப்படுத்தாத கூர்முனைத் தாங்கியான மென்மையான சென்டர், துளையில் மரை வெட்டும் டேப்பை நேராக நிறுத்தும் வழிகாட்டி என்று பட்டியல் நீளும். இவற்றின் முன்பகுதி வெவ்வேறாக இருந்தாலும் பின்பகுதி ஒன்றேதான். அது மோர்ஸ் டேப்பர் எனப்படும் கூம்பு வடிவத் தண்டு. அந்தக் கூம்பைச் சரியாகக் கடையக் கற்றுக்கொண்டவர் மற்ற பகுதிகளை எளிதில் செய்துவிடுவார்.

டேப்பர் கடைவதில் உழைப்பின் பெரும்பங்கு வெட்டுவதில் இல்லை; சாய்வை அமைப்பதில்தான் இருக்கிறது. ஒரு ஆர்பருக்காக அரை நாள் செலவிட்டுச் சாய்வை அமைத்து, அதை முடித்ததும் டூலைத் தாங்கி எந்தக் கோணத்துக்கும் திரும்பும் டாப் ஸ்லைடைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. ஆகவே தேவையான இரும்புத் துண்டுகளை எல்லாம் முன்கூட்டியே தயார் செய்துகொண்டு, சாய்வை ஒரே ஒருமுறை அமைத்து, அதை அசைக்காமல் ஐந்தாறு ஆர்பர்களை வரிசையாகக் கடைந்துவிடும் முறையையே இங்கே விளக்குகிறேன்.

டேப்பர் எதனால் பிடிக்கிறது

முறுக்கு ட்ரில்லுக்கு 1863-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஸ்டீபன் மோர்ஸ், அடுத்த ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டு நகரில் ட்ரில் தயாரிக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் ட்ரில்களின் பின்புறத்திலும் லேத்களின் டெய்ல்ஸ்டாக்கிலும் காணப்படும் டேப்பர் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அதன் சாய்வு ஏறத்தாழ இருபதுக்கு ஒன்று. அதாவது 20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் 1 மி.மீ. குறையும். அச்சிலிருந்து அளந்தால் ஒரு பக்கச் சாய்வு 1.43 டிகிரி அளவே வரும். இரும்போடு இரும்பு உரசும்போது வழுக்காமல் நிற்கக்கூடிய கோணம் இதைவிடப் பல மடங்கு பெரியது என்பதால், உள்ளே தள்ளி அழுத்திய கூம்பு தானாக வெளியே வருவதில்லை. சுழற்றும் விசையையும் அந்த உராய்வே தாங்குகிறது.

ட்ரில்லின் பின்நுனியில் இருக்கும் தட்டையான நாக்குதான் ட்ரில்லைச் சுழற்றுகிறது என்று புதியவர்கள் பலர் எண்ணுகிறார்கள். ட்ரிஃப்ட் ஆப்பை அடித்து ட்ரில்லை வெளியே எடுப்பதற்காகவே அந்த நாக்கு இருக்கிறது. சுழற்றும் வேலையைக் கூம்பின் பரப்பு செய்ய வேண்டும். பரப்பு முழுவதும் தொடாமல் ஒரு முனை மட்டும் தொட்டால், கையால் இழுத்துப் பார்க்கும்போது இறுகியிருப்பதாகத் தோன்றினாலும் வேலை செய்யும்போது சுழன்றுவிடும். நான் முதலில் செய்த ஆர்பரின் சாய்வை டாப் ஸ்லைடின் டிகிரிக் கோடுகளை நம்பி அமைத்திருந்தேன். 10 மி.மீ. ட்ரில்லைச் செலுத்தியதும் அது குயிலுக்குள் (டெய்ல்ஸ்டாக்கில் முன்னும் பின்னும் நகரும் உட்குழலுக்குள்) சுழன்று, உட்புறச் சுவரில் வளையமாக ஒரு கீறலை ஏற்படுத்தியது. கெட்டுப்போன ஆர்பரைத் தூக்கி எறிந்துவிடலாம். கீறல் விழுந்த குயிலுக்கு மாற்று எளிதில் கிடைக்காது. கீழே சொல்லும் சோதனைகள் எதையும் தவிர்க்க வேண்டாம் என்று வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

உங்கள் லேத்தில் எந்த எண்

மோர்ஸ் டேப்பரைச் சுருக்கமாக எம்.டி. என்பார்கள். பொதுவாகக் கிடைக்கும் சீன மினி லேத்களில், துண்டைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கின் சுழல்தண்டில் எம்.டி.3-உம் டெய்ல்ஸ்டாக்கில் எம்.டி.2-உம் இருக்கும். மைஃபோர்டு எம்.எல்.7-இல் இரண்டுமே எம்.டி.2 ஆகும். ஷெர்லைன் போன்ற மேசை லேத்களில் சுழல்தண்டு எம்.டி.1, டெய்ல்ஸ்டாக் எம்.டி.0. எம்.டி.2-இன் அகன்ற முனை விட்டம் 17.780 மி.மீ., சாய்வு 20.020-க்கு 1. எம்.டி.3-இன் அகன்ற முனை 23.825 மி.மீ., சாய்வு 19.922-க்கு 1. எம்.டி.1-க்கு முறையே 12.065 மி.மீ., 20.047-க்கு 1.

எண் மாறினால் சாய்வும் சற்று மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். எம்.டி.2-க்கு அமைத்த சாய்விலேயே எம்.டி.3-ஐக் கடைந்தால், அதன் 81 மி.மீ. நீளத்தில் விட்டம் ஏறக்குறைய 0.02 மி.மீ. பிசகும். கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் ஒரு முனை தொட, மறுமுனை ஆடுவதற்கு அதுவே போதும். இந்தக் கட்டுரை முழுவதும் எம்.டி.2-ஐயே எடுத்துக்கொள்கிறேன்.

இரும்பும் அளவுகளும்

தொழிற்பேட்டை இருக்கும் ஊர்களில் எல்லாம் இ.என்.8 எனும் நடுத்தரக் கார்பன் எஃகு வட்டத் தண்டு கிடைக்கும். சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தண்டைவிட அது சற்று வலுவானது, பரப்பும் சுத்தமாக வரும், வீட்டு லேத்திலும் சிரமமின்றி வெட்டுப்படும். முதல் முயற்சிக்கு எம்.எஸ். பிரைட் பார் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. கடினப்படுத்தாத ஆர்பர்கள் வீட்டு உபயோகத்துக்குப் பல ஆண்டுகள் உழைக்கும். மென்மையான ஆர்பருக்கும் குயிலுக்கும் இடையே தப்பித்தவறிச் சுருள் சிக்கினால், பள்ளம் பெரும்பாலும் ஆர்பரில் விழுமே ஒழியக் குயிலில் விழாது என்ற நன்மையும் உண்டு.

22 அல்லது 25 மி.மீ. விட்டத்தில், ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 125 மி.மீ. நீளம் இருக்கும்படி ஆறு துண்டுகளை அறுத்துக்கொள்ளுங்கள். எம்.டி.2-இன் கூம்பு, அகன்ற முனையின் அளவுக்கோட்டிலிருந்து சிறிய முனை வரை 64 மி.மீ. நீளம் கொண்டது, கோட்டுக்கு வெளியே மேலும் 5 மி.மீ. நீட்சி உண்டு. நான் அந்த 64 மி.மீ. முழுவதையும் கூம்பாகக் கடைவதில்லை. சிறிய முனையில் கடைசி 10 மி.மீ.-ஐ 13.5 மி.மீ. விட்டத்துக்கு நேர்த்தண்டாகக் குறைத்துவிடுகிறேன். இந்தச் சிறு மூக்கினால் பல நன்மைகள் உண்டு. பல சிறு லேத்களில் டாப் ஸ்லைடு 60 மி.மீ.-கூட நகராது, மூக்கை விட்டுவிட்டால் மிச்சமுள்ள 54 மி.மீ. கூம்பு ஒரே ஓட்டத்தில் அடங்கிவிடும். டூல் சென்டரில் மோதாமல் வெட்டத் தொடங்க இடம் கிடைக்கும். பிறகு ஜாபை, அதாவது கடையும் துண்டைத் திருப்பி மறுமுனையைக் கடையும்போது, துண்டைப் பிடித்துச் சுழற்றும் கேரியரை முடித்த கூம்பின்மேல் மாட்டாமல் மூக்கின்மேல் மாட்டிக்கொள்ளலாம்.

மூக்கையும் வெட்டி ஆர்பரைக் குட்டையாக்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். டெய்ல்ஸ்டாக் கைச்சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பும்போது, உள்ளிருக்கும் திருகின் முனை ஆர்பரின் பின்புறத்தில் முட்டித்தான் அதை வெளியே தள்ளுகிறது. ஆர்பர் குட்டையாக இருந்தால் திருகு எட்டாது. இறுகிய ஆர்பரை எடுக்கக் குயிலையே கழற்ற நேரிடும்.

முதல் படி: டெய்ல்ஸ்டாக்கை நேர்படுத்துதல்

ஜாபை இரண்டு சென்டர்களுக்கு இடையே மாட்டிக் கடைவதே இந்த முறைக்கு அடிப்படை. அப்படி மாட்டினால், ஜாபை எத்தனை முறை கழற்றிப் பொருத்திப் பார்த்துவிட்டு மீண்டும் மாட்டினாலும் அதே அச்சில் வந்து நிற்கும். மூன்று ஜா (தாடை) சக்கில் பிடித்திருந்தால் ஒருமுறை கழற்றியதுமே அந்த உண்மை அச்சு போய்விடும்.

ஆனால் இரு சென்டர்களும் நேர்க்கோட்டில் இல்லையென்றால், சாய்வோடு டெய்ல்ஸ்டாக்கின் பிசகும் சேர்ந்துகொள்ளும். ஜாபின் நீளம் மாறும்போதெல்லாம் அந்தப் பிசகின் அளவும் மாறும். ஆகவே (ஹெட்ஸ்டாக் பக்கம் சென்டர் இல்லாதவர்கள் அடுத்த படியில் சொல்லும் முனையை முதலில் செய்துகொண்டு) 150 மி.மீ. நீளமுள்ள தண்டு ஒன்றை இரு சென்டர்களுக்கு இடையே மாட்டி, நடுப்பகுதியைக் குறைத்துவிட்டு, இரு முனைகளிலும் விடப்பட்ட பட்டைகளை ஒரே கட்டில், டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் கடையுங்கள். இரண்டையும் மைக்ரோமீட்டரால் அளந்து, வித்தியாசம் 0.01 மி.மீ.-க்குள் வரும்வரை டெய்ல்ஸ்டாக்கின் பக்கத் திருகுகளைச் சரிசெய்யுங்கள். இந்தத் தண்டைப் பத்திரமாக எடுத்துவைத்தால் அடுத்த முறையும் பயன்படும்.

இரண்டாம் படி: ஹெட்ஸ்டாக் பக்கச் சென்டர்

சுழல்தண்டில் பொருந்தும் சென்டர் உங்களிடம் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஒரு கழிவுத் துண்டைச் சக்கில் இறுகப் பிடித்து, டாப் ஸ்லைடை 30 டிகிரிக்குத் திருப்பி, 60 டிகிரி முனை ஒன்றைக் கடைந்துவிடுங்கள். சக்கிலேயே கடைந்த முனை என்பதால், சக்கில் எவ்வளவு ஆட்டம் இருந்தாலும் முனை அச்சில் மிகச் சரியாக நிற்கும். வேலை முழுவதும் முடியும்வரை அதைச் சக்கிலிருந்து கழற்றக் கூடாது. ஜாபின் கேரியர் வால் சக்கின் ஜா ஒன்றில் முட்டிச் சுழலும்.

இந்த முனையை டேப்பர் சாய்வு அமைப்பதற்கு முன்பே கடைந்துவிட வேண்டும் என்பதை மறவாதீர்கள். அதேபோல், முனைக்கான துண்டைச் சக்கில் மாட்டுவதற்கு முன்பே ஆறு துண்டுகளின் முகங்களையும் ஃபேசிங் செய்து (தட்டையாக்கி), இரு முனைகளிலும் சென்டர் ட்ரில் போட்டுவிட்டு, பிறகு சென்டர்களுக்கு இடையே மாட்டி, மூக்கை 13.5 மி.மீ.-க்கும் கூம்பு வரவேண்டிய பகுதியை 18.5 மி.மீ.-க்கும் நேர்த்தண்டாகக் கடைந்து அடுக்கிவிடுங்கள். இவை அனைத்துக்கும் லேத்தின் நீளவாக்கில் ஓடும் சாடில், கிராஸ் ஸ்லைடு ஆகியவற்றின் ஓட்டமே போதும். ஆனால் நடுவில் ஏதாவது காரணத்துக்காக டாப் ஸ்லைடைத் திருப்ப நேர்ந்தால் பின்னர் எல்லாமே முதலிலிருந்து தொடங்கும்.

மூன்றாம் படி: சாய்வை அமைத்தல்

டாப் ஸ்லைடின் அடியிலுள்ள டிகிரிக் கோடுகள் ஒரு தோராயமான தொடக்கத்துக்கு மட்டுமே உதவும். கோட்டில் பத்தில் ஒரு டிகிரி பிசகினால், 64 மி.மீ. நீளத்தில் விட்டம் 0.2 மி.மீ.-க்கு மேல் மாறிவிடும். கண்ணால் அந்தப் பிசகைக் காண முடியாது.

சரியான வழி, நம்பகமான ஆர்பர் ஒன்றை மாதிரியாக வைத்துக்கொள்வது. நல்ல தரமான ட்ரில் சக் ஆர்பர்களின் இரு முனைகளிலும் பெரும்பாலும் சென்டர் துளை இருக்கும். அப்படி ஒன்றை, சிறிய முனை டெய்ல்ஸ்டாக்கைப் பார்க்கும்படி இரு சென்டர்களுக்கு இடையே மாட்டுங்கள். முதலில், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை அதன்மேல் வைத்துக் கையால் சுழற்றி, முள் நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு டயல் கேஜை டூல் போஸ்டில் பிடித்து, அதன் முனை சென்டர் உயரத்தில், உங்கள் பக்கத்திலிருந்து ஆர்பரைக் கிடைமட்டமாகத் தொடும்படி அமைக்க வேண்டும். உயரம் பிசகினால் அளவும் பிசகும். சாடிலைப் பூட்டிவிட்டு, டாப் ஸ்லைடை முன்னும் பின்னும் 50 மி.மீ. நகர்த்துங்கள். முள் நகரும் திசையைப் பார்த்து, டாப் ஸ்லைடின் பூட்டுத் திருகுகளைச் சற்றே தளர்த்தி, பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். இறுக்கும்போதும் அது நகரும் என்பதால் ஒவ்வொரு முறையும் திருகுகளை முழுவதுமாக இறுக்கிய பிறகே அளக்க வேண்டும். முழு ஓட்டத்திலும் முள் அசையாத நிலை வரும்வரை இது தொடரும். என் அனுபவத்தில் முதல் தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அவசரப்பட்டு 0.02 மி.மீ. பிசகுடன் நிறுத்தியபோதெல்லாம் அதைவிடக் கூடுதல் நேரம் பின்னால் செலவாயிற்று.

மாதிரி ஆர்பர் கிடைக்காதவர்கள், முன்னர் டெய்ல்ஸ்டாக்கை நேர்படுத்தப் பயன்படுத்தியதைப் போன்ற சீரான விட்டமுள்ள தண்டையே மாட்டிக்கொள்ளலாம். டாப் ஸ்லைடு ஹெட்ஸ்டாக்கை நோக்கி 50 மி.மீ. நகரும்போது டயல் கேஜ் தண்டைவிட்டு 1.248 மி.மீ. விலகினால் சாய்வு எம்.டி.2-க்கு உரியதாகும். 50 மி.மீ. என்பதை டாப் ஸ்லைடு கைப்பிடியின் சுற்றுகளை எண்ணியே அளக்கலாம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஒரே திசையில் திருப்பினால் திருகின் ப்ளே (தளர்வு) அளவைக் கெடுக்காது. இந்த வழியில் வரும் சாய்வை இறுதியானதாக ஏற்றுக்கொள்ளாமல், அடுத்துச் சொல்லும் நீலச் சோதனையால் மேலும் திருத்திக்கொள்ள வேண்டும்.

டெய்ல்ஸ்டாக்கையே பக்கவாட்டில் நகர்த்தி டேப்பர் கடையும் பழைய முறையும் உண்டு. 100 மி.மீ. நீளமுள்ள ஜாபுக்கு 2.5 மி.மீ. நகர்த்தினால் ஏறத்தாழ இதே சாய்வு வரும். சாடிலின் தானியங்கி ஃபீடையும் (டூலை முன்னேற்றும் நகர்வையும்) பயன்படுத்தலாம் என்பதால் பரப்பு அழகாக வரும். ஆயினும் ஒவ்வொரு ஜாபின் நீளமும் சென்டர் துளைகளின் ஆழமும் ஒன்றுபோல இல்லாவிட்டால் சாய்வு மாறிவிடும் என்பதாலும், மெனக்கெட்டு நேர்படுத்திய டெய்ல்ஸ்டாக்கை மீண்டும் கலைக்க வேண்டியிருப்பதாலும் புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நான்காம் படி: வெட்டுதல்

டூலின் நுனி மிகச் சரியாகச் சென்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இதில் ஏற்படும் பிழை வெறும் அழகுக் குறை அல்ல. நுனி மேலோ கீழோ இருந்தால் டூல் செல்லும் பாதை அச்சின் வழியாகச் செல்லும் தளத்தில் இருக்காது, அதனால் கூம்பின் பக்கங்கள் நேர்க்கோடாக வராமல் நடுவில் சற்றுக் குழிந்துவிடும். சாய்வு சரியாக இருந்தும் பொருத்தம் வராமல் தடுமாறுபவர்களில் பலருக்குக் காரணம் இதுவே.

கூர்மையாகத் தீட்டி, நுனியைச் சிறிது உருட்டிய ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் போதும். 20 மி.மீ. விட்டமுள்ள இ.என்.8-க்கு நிமிடத்துக்கு 400 சுற்று அளவான வேகம் பொருந்தும். டாப் ஸ்லைடின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிப் திருகுகளை வழக்கத்தைவிடச் சற்று இறுக்கமாக வைத்து, சாடிலைப் பூட்டி, வெட்டின் ஆழத்தைக் கிராஸ் ஸ்லைடில் கொடுத்து, ஃபீடை டாப் ஸ்லைடு கைப்பிடியால் கொடுங்கள். ஒரு கை நிற்பதற்குள் மறு கை தொடரும்படி இரண்டு கைகளாலும் மாறிமாறிச் சீராகத் திருப்பினால் பரப்பில் நிறுத்தக் கோடுகள் விழாது. டெய்ல்ஸ்டாக் சென்டர் சுழலாத வகையாக இருந்தால் துளையில் கிரீஸ் வைக்க வேண்டும். வெப்பத்தில் ஜாப் நீள்வதால் அவ்வப்போது குயிலைச் சிறிது தளர்த்திப் பார்க்கவும் வேண்டும்.

அகன்ற முனை 18.4 மி.மீ. அளவுக்கு வரும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். இறுதி அளவுக்கு இன்னும் இடம் இருக்கும்போதே சாய்வைச் சோதிப்பதுதான் முறை.

ஐந்தாம் படி: நீலச் சோதனை

இதற்கு ஒரு பெண் டேப்பர், அதாவது ஆர்பர் பொருந்தும் கூம்பு வடிவ உட்துளை தேவை. வெளிப்புறம் எம்.டி.3-உம் உட்புறம் எம்.டி.2-உம் கொண்ட ட்ரில் ஸ்லீவ் ஒன்றை வாங்கி, அதை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் அளவுகோலாகவே வைத்துக்கொள்வது நல்லது. டெய்ல்ஸ்டாக் குயிலிலும் சோதிக்கலாம். ஆனால் அதில் சென்டர் மாட்டியிருப்பதால் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டியிருக்கும்.

ஸ்லீவின் உட்புறத்தையும் ஆர்பரையும் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். ஆர்பரின் நீளவாக்கில் சம இடைவெளியில் மூன்று கோடுகளாகப் புருஷியன் ப்ளூ எனும் நீலப் பசையை மிக மெல்லியதாகத் தடவுங்கள். உள்ளங்கையில் தேய்த்தால் தோல் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால்தான் சோதனை உண்மை பேசும்; தடித்த பூச்சு எல்லா இடத்திலும் ஒட்டி, பொருத்தம் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றிவிடும். ப்ளூ கிடைக்காவிட்டால் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, காய்ந்த பின் சோதிக்கலாம். ஆர்பரை ஸ்லீவுக்குள் மெல்லத் தள்ளி, கால் சுற்றுக்கும் குறைவாக ஒரே ஒருமுறை திருப்பி, நேராக வெளியே இழுத்துப் பாருங்கள்.

கோடுகள் முழு நீளத்துக்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் சாய்வு சரி. அகன்ற முனையில் மட்டும் தேய்ந்திருந்தால் நீங்கள் கடைந்த சாய்வு அதிகம். சிறிய முனையில் மட்டும் தேய்ந்திருந்தால் சாய்வு குறைவு. இரு முனைகளிலும் தேய்ந்து நடுவில் கோடு அப்படியே இருந்தால், டூல் உயரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சாய்வைத் திருத்துவதற்கு முன், டாப் ஸ்லைடின் பக்கவாட்டில், அது திரும்பும் மையத்திலிருந்து தொலைவான முனையில் இன்னொரு டயல் கேஜைத் தொட வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தட்டினோம் என்பது கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் 0.01 அல்லது 0.02 மி.மீ. நகர்த்தினாலே போதும். திருத்தியதும் ஜாபில் ஒரு மெல்லிய வெட்டு எடுத்து, மீண்டும் நீலம் தடவிப் பாருங்கள். மூன்று நான்கு சுற்றுகளில் முழுத் தொடர்பு வந்துவிடும். முழுத் தொடர்பு வந்த அந்தக் கணத்திலிருந்து டாப் ஸ்லைடின் பூட்டுத் திருகுகளை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.

இறுதி அளவுக்கு வருவதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. சாய்வு இருபதுக்கு ஒன்று என்பதால், விட்டத்தில் 0.05 மி.மீ. குறைத்தால் ஆர்பர் 1 மி.மீ. உள்ளே போகும். ஸ்லீவில் ஆர்பர் இன்னும் 4 மி.மீ. உள்ளே செல்ல வேண்டும் என்றால் விட்டத்தில் 0.2 மி.மீ. எடுக்க வேண்டும்; கிராஸ் ஸ்லைடு ஆரத்தைக் காட்டும் வகையாக இருந்தால் 0.1 மி.மீ. கொடுத்தால் போதும். கூம்பை மைக்ரோமீட்டரால் அளப்பதைவிட இது நம்பகமானது.

கடைசி வெட்டுக்குப் பின் எமரி தாளால் பளபளப்பாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். 400 எண் தாளில் எண்ணெய் தொட்டு ஓரிரு முறை ஓட்டினால் டூலின் கூர்த்தடங்கள் நீங்கும். அதற்கு மேல் போனால் கூம்பு பீப்பாய் வடிவமாகி, இவ்வளவு நேரம் பட்ட பாடு வீணாகும். மென்மையான டூல் கோடுகள் மெலிதாகத் தெரிந்தால் அதனால் பிடிப்பு குறைவதில்லை. தாளை விரலில் சுற்றிக்கொண்டு சுழலும் ஜாபைத் தொடவே கூடாது. தாளின் இரு முனைகளையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும், கேரியரின் வால் சுழலும் பகுதியிலிருந்து கை விலகியே இருக்க வேண்டும். கையுறை, முழுக்கைச் சட்டை, தோளில் துண்டு ஆகியவற்றோடு லேத்தின் அருகே செல்வதும் ஆபத்து.

அதே சாய்வில் ட்ரில் சக் ஆர்பர்

இந்த முறையை நான் இவ்வளவு விரும்புவதற்குக் காரணமான செய்தி இதுதான். ட்ரில் சக்குகளின் பின்புறத்தில் இருக்கும் பி16, பி18 எனும் குட்டை டேப்பர்கள் இரண்டும் எம்.டி.2 கூம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளே. பி18-இன் அகன்ற முனை எம்.டி.2-ஐப் போலவே 17.780 மி.மீ.; பி16-இன் அகன்ற முனை 15.733 மி.மீ., நீளம் 24 மி.மீ. சாய்வு இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே எம்.டி.2 பக்கத்தை முடித்ததும் ஜாபைத் திருப்பி, மூக்கில் கேரியரை மாட்டி, டாப் ஸ்லைடின் கோணத்தைத் தொடாமலேயே மறுமுனையில் பி16-ஐக் கடைந்துவிடலாம். இரு முனைகளும் ஒரே சென்டர் துளைகளில் கடையப்பட்டவை என்பதால் சக் ஆடாமல் சுழலும்.

கடைவதற்கு முன் உங்கள் சக்கின் முதுகில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள். ஜே.டி.6, ஜே.டி.33 என்று இருந்தால் அவை ஜேக்கப்ஸ் டேப்பர்கள், சாய்வு வேறு. ஜே.டி.33-இன் அகன்ற முனை 15.850 மி.மீ. என்பதால் வெர்னியரால் அளப்பவர் அதைப் பி16 என்று எளிதில் தவறாக எண்ணிவிடலாம். ஆனால் அதன் சாய்வு ஏறத்தாழ 15.75-க்கு 1. பொருத்தும்போது சக்கின் ஜாக்களை முழுவதும் உள்ளே இழுத்துக்கொண்டு, இரு பரப்புகளையும் எண்ணெய்ப்பசை இன்றித் துடைத்து, மரக்கட்டையின்மேல் வைத்து ஒரே ஒரு உறுதியான தட்டுத் தட்டினால் போதும்.

டை ஹோல்டர்

இரண்டாவது துண்டை டை ஹோல்டராக்குங்கள். எம்.டி.2-க்கு முன்னால் சுமார் 50 மி.மீ. நீளத்துக்கு 16 மி.மீ. விட்டத்தில் ஒரு நேர்த்தண்டைக் கடைந்து, வெட்டிய மரை உள்ளே செல்வதற்காக அதன் நடுவே 10.5 மி.மீ. துளை போடுங்கள். அந்தத் தண்டின்மேல் வழுக்கிச் செல்லும் உருளை ஒன்றைத் தனியே செய்ய வேண்டும். டையின் விட்டம் அங்குலத்தில் அமைந்த செட்டுக்கும் மில்லிமீட்டரில் அமைந்த செட்டுக்கும் வேறுபடும் என்பதால் உங்களிடம் இருப்பதை அளந்த பிறகே குழியைக் கடையுங்கள். 16 மி.மீ. துளையையும் டை அமரும் குழியையும் சக்கில் ஒரே பிடியில் போரிங் செய்தால் இரண்டும் ஒரே அச்சில் அமையும். பக்கவாட்டில் மூன்று எம்5 திருகுகள் வேண்டும். நடுத் திருகு டையின் பிளவில் இறங்கி அதை விரிக்கும், இரு பக்கத் திருகுகள் நெருக்கும். உருளையில் ஒரு 8 மி.மீ. கைத்தண்டைத் திருகிவிட்டால், சக்கைக் கையால் திருப்பி மரை வெட்டும்போது உருளை தானாகவே முன்னேறும்.

மூன்றாவது துண்டின் முன்முனையை முடிக்காமல் வைத்துக்கொண்டு மென்மையான சென்டராக்கலாம். மீதமுள்ளவற்றை எம்.டி.2 பக்கம் மட்டும் முடித்து, முன்பக்கம் கனமான கட்டையாகவே எண்ணெய் தடவி எடுத்து வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு புதிய தேவை வரும்போது, டேப்பரைப் பற்றி யோசிக்காமல் முன்பகுதியை மட்டும் கடைந்துகொள்ளலாம். சுழல்தண்டு எம்.டி.2 ஆக இருந்து, பக்கவாட்டு விசை வரும் வேலைக்கு ஆர்பரைப் பயன்படுத்த எண்ணினால், பின்னாலிருந்து இழுக்கும் கம்பிக்கு மரை அவசியம். முறைப்படி எம்.டி.2-க்கு எம்10 போடுவார்கள், 13.5 மி.மீ. மூக்கில் சுவர் மெலிந்துவிடும் என்பதால் நான் எம்8-ஓடு நிறுத்திக்கொள்கிறேன். மரை போட்டாலும் துளையின் வாயில் 60 டிகிரிச் சரிவை விட்டுவைத்தால் பின்னர் மீண்டும் சென்டரில் மாட்ட முடியும்.

டாப் ஸ்லைடைத் திரும்பச் சுழியத்துக்குக் கொண்டுவருவதற்கு முன் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. எம்.டி.2 உட்துளை ஒன்று தேவைப்பட்டால், சென்டர்களை எடுத்துவிட்டு ஜாபைச் சக்கில் பிடித்து, போரிங் பாரில் டூலைத் தலைகீழாகப் பொருத்தி, துளையின் மறுபக்கச் சுவரில், அதாவது உங்களுக்கு எதிர்ப்புறத்தில் வெட்டினால், இதே கோணம் பொருத்தமான பெண் டேப்பரைக் கொடுக்கும். டூலை நிமிர்ந்தபடியே வைத்துச் சுழல்தண்டைப் பின்னோக்கி ஓட்டியும் இதைச் செய்யலாம். ஆனால் திருகி மாட்டும் வகைச் சக் உள்ள லேத்களில் சக் கழன்றுவிடும் என்பதால் அங்கே அந்த வழி கூடாது. குறுகிய துளையில் பார் வளைந்து கொடுப்பதால், கடைசி இரு ஓட்டங்களில் ஆழத்தைக் கூட்டாமல் அதே இடத்தில் மீண்டும் ஓட்டி, நீங்கள் கடைந்த ஆர்பர் ஒன்றிலேயே நீலம் தடவிப் பொருத்தத்தைப் பாருங்கள்.